சுடாத கால்

எங்கள் பக்கத்தில் யாருக்காவது இடுப்பில் டிஸ்க் விலகிவிட்டது என்றால், ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் என்னைத் தேடி வந்துவிடுவார்கள். ஈஜோக்கிலிருந்து வருவார்கள். பத்தாங் காலியிலிருந்து ஒருவர், மகனுடைய காரின் பின் சீட்டில் படுத்தபடியே வந்தார். எல்லாருக்கும் ஒரே கேள்விதான். "ஆபரேஷன் செஞ்சு இத்தன வருஷம் ஆச்சே, இப்ப எப்படி இருக்கு?" நான் உடனே எழுந்து நின்று, இரண்டு கைகளையும் தூக்கி, இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டுவேன். "பார்த்தீங்களா? ஒண்ணும் இல்ல லா." கடையில் புது மின்விசிறியைச் சுற்றவிட்டுக் காட்டுகிறவன் மாதிரி இருக்கும். அவர்கள் போனபிறகு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்காருவேன். அந்த ஒரு திருப்பலுக்கு அன்று முழுக்க வலி இருக்கும்.

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. பாதி நிஜம்தான். அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் அப்போது எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் பழக்குலை ஏற்றுகிற லோரியில் வேலை செய்தேன். கீழே கிடக்கும் குலையை இரும்புக் கம்பியால் குத்தித் தூக்கி, தொடையில் ஒரு நொடி நிறுத்தி, அங்கிருந்து லோரிக்குள் வீச வேண்டும். மழை பெய்து முடிந்த ஒரு காலை, ஊறிப்போன குலை ஒன்று கம்பியிலிருந்து நழுவியது. அதைப் பிடிக்கத் திரும்பினேன். விட்டிருக்கலாம். குலை கீழே விழுந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் விழுவதைப் பிடிப்பது எனக்குச் சின்ன வயதுப் பழக்கம். அந்தத் திருப்பத்தில் இடுப்பில் ஏதோ நகர்ந்தது. வலி இடுப்பில் நிற்கவில்லை. இடது பிட்டத்தில் தொடங்கி, பின்னங்கால் வழியாக இறங்கி, சுண்டுவிரலில் போய் நின்றது.

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் செய்துகொள், தள்ளிப்போடாதே என்றார்கள். நான் தள்ளிப்போட்டேன். எங்கள் ஆட்களிடம் முதுகுத்தண்டில் கத்தி என்று சொல்லிப் பாருங்கள், ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். பக்கத்துத் தோட்டத்தில் ஒருத்தர் போனார், படுத்த படுக்கையாகத்தான் திரும்பினார் என்பார்கள். அந்த ஒருத்தரை யாரும் நேரில் பார்த்ததில்லை. இருந்தாலும் நான் பயந்தேன். சுங்கை புரோங்கில் வயலோரம் இருந்த ஒரு மலாய்க்காரப் பெரியவரிடம் எண்ணெய் போட்டு நீவிக்கொள்ளப் போனேன். கிட்டத்தட்ட ஒரு வருஷம் போய்க்கொண்டிருந்தேன்.

அந்த ஒரு வருஷத்தில் இடது பாதம் கொஞ்சம் கொஞ்சமாக மரத்துப்போனது. முதலில் வெளிப்பக்கம், பிறகு குதிகால், பிறகு உள்ளங்கால். எனக்கு அதில் சந்தோஷம், அதுதான் கூத்து. வலி குறைகிறது, எண்ணெய் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டு, பெரியவருக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வேறு வாங்கிக்கொண்டு போனேன். குறைந்தது வலி இல்லை, நரம்பு செத்துக்கொண்டிருந்தது. சாமி மேடை விளக்கை எடுக்க ஒருநாள் நுனிக்காலில் எக்கினேன். வலது குதிகால் எழும்பியது, இடது குதிகால் தரையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. அன்றைக்குத்தான் பயம் திசை மாறியது. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது கால் வலி இல்லை. சுத்தமாக இல்லை. நான் அழுதேன். இளம் டாக்டரம்மா ஒருவர் வந்து சாவியின் முனையால் என் இடது உள்ளங்காலில் கோடு போட்டு, தெரிகிறதா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். நரம்பு ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்திருக்கிறது, உணர்ச்சி திரும்பவும் செய்யலாம், திரும்பாமலும் போகலாம், முன்னாலேயே வந்திருக்கலாமே என்றார். வெளியே காத்திருந்த மனைவியிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "வலி போயிடுச்சு."

உணர்ச்சி திரும்பவே இல்லை. முதுகு சில வருஷங்கள் ராஜா மாதிரி இருந்தது. பிறகு அதுவும் முறுக்கிக்கொள்ள ஆரம்பித்தது. காலையில் படுக்கையில் உருண்டு, பக்கவாட்டில் கையூன்றித்தான் எழ வேண்டும். பழைய மாதிரி கால் வலி வரவே இல்லை, அதற்கு ஆபரேஷனுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். லோரி வேலை போய், தொழிற்சாலை வாசலில் காவல் வேலைக்கு வந்தேன். அரிசி மூட்டையை மனைவி தூக்குகிறாள். கல்யாண மண்டபத்தில் பெண்கள் நாற்காலிகளை அடுக்கும்போது நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். பார்க்க ஆள் வாட்டசாட்டமாக இருப்பேன், அதுதான் வம்பு. தெரியாதவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அப்போதெல்லாம் சட்டைக்கு மேல் இடுப்பு பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வந்திருக்கலாம் என்று தோன்றும். வெட்கத்தில் அதைச் சட்டைக்குள்தான் கட்டுவேன்.

பசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒருமுறை மீன் விற்கிற மலாய்க்கார அம்மா பின்னாலிருந்து கத்தினாள். "பாங்! செலிப்பார் தெர்திங்கால்!" குனிந்து பார்த்தேன். இடது கால் வெறுங்காலாக இருந்தது. சிலிப்பர் எங்கோ பின்னால் கழன்று விழுந்திருக்கிறது, நான் மீன் தண்ணீரிலும் ஐஸிலும் மிதித்துக்கொண்டு கடை கடையாக வந்திருக்கிறேன். சிலிப்பர் மனைவியின் கையில் இருந்தது. என் கால் முன்னால் போட்டாள். அதற்குப் பிறகு கூட்டத்தில் நடக்கும்போது என் காதோரம் வந்து, "இடது, இடது," என்று முணுமுணுப்பாள். கல் கிடக்கிறது, ஆணி கிடக்கிறது என்று அர்த்தம். அவளுக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

இனி அடுத்த பாதி.

நான் ஆபரேஷன் அறைக்குள் இருந்தபோது மனைவி எங்கள் தோட்டத்து மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள். வலி போனால் வருஷா வருஷம் இவர் தீ மிதிப்பார் என்று. வேண்டுதல் அவளுடையது, கால் என்னுடையது. நாங்கள் குடியிருந்த லயங்களை இடித்துச் செம்பனை நட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. கோயில் மட்டும் மரங்களுக்கு நடுவே இருக்கிறது. திருவிழாவுக்கு ரவாங்கிலிருந்தும் கோலசிலாங்கூரிலிருந்தும் எல்லாரும் வந்துவிடுவார்கள்.

முதல் வருஷம் தீக்குழியில் இறங்கினேன். மற்றவர்கள் விறுவிறுவென்று கடந்தார்கள். என் முதுகால் அப்படி ஓட முடியாது, இடது காலால் உந்தவும் முடியாது. மெதுவாகத்தான் நடந்தேன். வலது பாதம் சுட்டது, பல்லைக் கடித்துக்கொண்டேன். இடது பாதத்துக்குத் தணலும் தரையும் ஒன்றாக இருந்தது. பால் ஊற்றிய குழியில் போய் நின்றபோது உறுமி மேளம் உச்சத்தில் இருந்தது. கோயில் தலைவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். "ஆபரேஷன் செஞ்ச முதுகு! எப்படி நிதானமா நடந்து வந்தாரு பார்த்தீங்களா? அம்மா தூக்கிட்டு வந்திருக்கா!" பெண்கள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அடுத்த வருஷத்திலிருந்து கரகத்துக்குப் பின்னால் முதல் ஆளாக இறங்குகிற மரியாதை எனக்கு. தந்திரமும் படிந்துவிட்டது. வலது காலை ஒப்புக்கு வைத்து, பாரத்தையெல்லாம் இடது காலில் போட்டு நடந்தேன். அம்மன் முன்னால் இப்படி நடந்தவனை என்னவென்று சொல்வது? ஒரு வருஷம் வீட்டுக்கு வந்தபிறகு சிமெண்டுத் தரையில் ஈரக்கால் தடம் தெரிந்தது. இடது பாதத்துத் தடம் மட்டும். கொப்புளங்கள் உடைந்து, அதோடு நான் வீடெல்லாம் நடந்திருக்கிறேன். மனைவி உட்கார்ந்து கழுவிக் கட்டுப்போட்டாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது. அடுத்த வருஷமும் இறங்கினேன்.

இது இப்படியே போயிருக்கும். என் மச்சினன் வந்தான்.

மச்சினன் என் மனைவிக்கு ஒரே தம்பி. வீடு வீடாக கேஸ் சிலிண்டர் போடுகிற வேலை. மாடி வீடென்றால் சிலிண்டரைத் தோளில் வைத்து ஏறுகிறவன். அவனுக்கும் டிஸ்க் விலகிவிட்டது. வலது காலில் வலி. வாசலில் சிலிப்பரின் முனை தரையில் தேய்கிற சத்தம் கேட்டது, பிறகுதான் ஆள் தெரிந்தான். கட்டைவிரல் மேலே தூக்க வரவில்லை. டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்துவிட்டார், விட்டால் பாதம் தொங்கிவிடும் என்று எச்சரித்தும் விட்டார். அந்த நாள் திருவிழா வாரத்துக்குள் வந்தது.

"நான் போகல மாமா," என்றான். "இந்த வருஷம் காப்பு கட்டிக்கிறேன். தீ மிதிக்கிறேன்."

எங்கள் கோயிலில் காப்பு கட்டிக்கொண்டால் தீமிதி முடிகிறவரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. கோயில் மண்டபத்தில்தான் சாப்பாடு, தூக்கம் எல்லாம். காப்பு கட்டினான் என்றால் ஆபரேஷன் நாள் கைவிட்டுப் போகும். அடுத்த நாள் எப்போது கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும்?

"ஆபரேஷன் செஞ்சுதான்டா நான் நடக்கறேன்," என்றேன்.

"ஆபரேஷன் செஞ்ச ஆளுங்க எத்தன பேரு படுத்துக் கெடக்கறாங்க? உங்களுக்குத் தீயே சுடல மாமா. அது டாக்டர் குடுத்ததா?" என்றான். பிறகு காலை நீட்டிக் காட்டினான். முகம் மலர்ந்திருந்தது. "இப்பவே கொஞ்சம் வலி கொறஞ்சிருக்கு. பாதம் மரத்த மாதிரி இருக்கு. நல்லதுதானே மாமா?"

எனக்கு அந்த வாழைப்பழச் சீப்பு ஞாபகம் வந்தது. அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். வாயில் வரவில்லை. "பார்ப்போம்டா," என்றேன். அவன் டீயைக் குடித்துவிட்டு, சிலிப்பரைத் தேய்த்துக்கொண்டு போனான்.

அவன் போனபிறகு மனைவி கப்பைக் கழுவியபடியே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"சொல்லிடுங்க."

"என்னத்த?"

"அந்தக் கால கழுவறது நான்தானே. எனக்குத் தெரியாதா?" குழாயை மூடினாள். "நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். அவன் என் தம்பி. அவன் கால் போயிடும்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை கோபப்பட்டிருப்பேன். கெஞ்சினாள். அது இன்னும் மோசமாக இருந்தது. மச்சினனுக்கு இரண்டு தடவை போன் அடித்தேன். அவன் எடுத்தான், நான் திருவிழாவுக்கு வாழைமரம் வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு வைத்தேன். தனியாக அவனிடம் ஒப்புக்கொள்ளக்கூடத் துணியாதவனுக்கு, கடைசியில் ஊரே கூடியிருக்கும் இடத்தில் சொல்லும்படி ஆனது. என்னைச் சொல்ல வேண்டும்.

காப்புக் கட்டும் காலை. ஆண்கள் மஞ்சள் வேட்டியோடு வரிசையாக நின்றோம். முதல் ஆள் நான். எனக்கு அடுத்து, சொந்தம் என்பதால், மச்சினன். பூசாரி தட்டிலிருந்து மஞ்சள் கயிற்றை எடுத்து, என் கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். பிறகு இழுத்துக்கொண்டேன்.

"எனக்கு வேண்டாங்க. இவனுக்கும் கட்டாதீங்க."

பூசாரிக்குப் புரியவில்லை. மேளம் ஒவ்வொன்றாக நின்றது. தலைவர் அருகே வந்து, "என்ன, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். நான் பெண்கள் பக்கம் திரும்பி மனைவியைப் பார்த்தேன். சேலை மடிப்பில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் கேட்பேன் என்று எப்படித் தெரிந்ததோ.

மண்டபத் தரையில் உட்கார்ந்தேன். அம்மனுக்கு நேராகக் கால் நீட்டாதபடி திரும்பிக்கொண்டு, மச்சினனை உட்காரச் சொல்லி, என் இடது காலைத் தூக்கி அவன் மடியில் வைத்தேன். என்னைவிட இளையவன்தான், இருந்தாலும் ஒருத்தன் மடியில் காலை வைக்கக் கூசியது. உள்ளங்காலில் பழைய கொப்புளத் தழும்புகள் எல்லாருக்கும் தெரிந்தன.

"நான் கண்ண மூடிக்கிறேன். ஊக்கால குத்து."

"என்னா மாமா இது..."

"குத்துடா."

கண்ணை மூடிக்கொண்டேன். எங்கோ ஒரு சேவல் கூவியது. யாரோ இருமினார்கள். அவன் தயங்குகிறான் என்று நினைத்தேன். பாவம், அக்கா புருஷன் காலில் ஊசி குத்த யாருக்குத்தான் மனசு வரும்?

"எப்ப லா குத்தப்போற?" என்றேன்.

கண்ணைத் திறந்தேன். ஊக்கு பாதிவரை என் குதிகாலில் இறங்கியிருந்தது. அதைச் சுற்றி ஒரு பொட்டு ரத்தம். மச்சினன் கையை எடுத்துவிட்டிருந்தான்.

"ஆபரேஷனுக்கு முன்னாடியே செத்துப்போச்சு," என்றேன். "பயந்துக்கிட்டு ஒரு வருஷம் எண்ணெய் தேய்ச்சேன், அதுல போச்சு. வலி கொறையுதுன்னு நெனச்சேன், ஒன்ன மாதிரியே. ஆபரேஷன் வலிய எடுத்துச்சு. இதத் திருப்பிக் குடுக்க அதால முடியல."

தலைவர் முகம் சுருங்கிப்போனது. "அப்ப இத்தன வருஷமா தீ..."

"வலது கால் சுட்டுச்சுங்க. இந்தக் காலுக்கு ஒண்ணும் தெரியல."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "நாங்க இந்தக் காலத் தொட்டுக் கும்பிட்டோமே," என்றது. திட்டியிருந்தால் தேவலை. யாரும் திட்டவில்லை. பூசாரி எனக்காக எடுத்த கயிற்றைச் சுருட்டித் தட்டில் வைத்தார். தரையைத் தவிர எதையும் பார்க்க முடியவில்லை எனக்கு. எழ வேண்டும், ஆனால் தரையிலிருந்து எழ ஒரு கை வேண்டும். அந்தக் கையை யாரிடம் கேட்பது என்று உட்கார்ந்தே இருந்தேன்.

மச்சினன்தான் கை கொடுத்தான். தூக்கி நிறுத்தியபிறகு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னான். "நான் வீட்டுக்கு வந்தேனே மாமா. அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல." அவன் கண் கலங்கியிருந்தது. காப்பு கட்டாமலேயே வரிசையிலிருந்து விலகி, காலை இழுத்துக்கொண்டு செம்பனை மரங்களுக்கு நடுவே கார் நிறுத்தியிருந்த பக்கம் போனான். ஆபரேஷனுக்கு அவன் மனைவி கூடப் போனாள். நானும் வருகிறேன் என்றதற்கு, வேண்டாம் மாமா என்றுவிட்டான்.

தீமிதி அன்று நான் குழிப் பக்கம் போகவில்லை. வேண்டுதலை அப்படியே விட்டுவிட வேண்டாம், பால்குடம் எடுத்து முடித்துக்கொள் என்று பூசாரி சொல்லியிருந்தார். பெண்கள் வரிசையில், மனைவிக்குப் பக்கத்தில், தலையில் குடத்தோடு நின்றேன். போன வருஷம் கும்பிட்டவர்கள் இந்த வருஷம் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். சிலர் பாவப்பட்டுச் சிரித்தார்கள். அதற்குத் தலையைத் திருப்பிக்கொள்வதே மேல்.

ஊர்வலம் புறப்படுவதற்கு முன்னால் மனைவியின் போன் அடித்தது. தம்பி என்றாள். காதில் வைத்துக் கேட்டுவிட்டு, என் காதில் வைத்துப் பிடித்தாள்.

"மாமா," என்றான். அன்றைக்கு அப்புறம் அவனாக என்னிடம் பேசுவது அதுதான் முதல் தடவை. குரல் தளர்ந்திருந்தது. "கால் வலி இல்ல மாமா. கட்டவெரல் கொஞ்சம் ஆடுது. டாக்டர் உள்ளங்கால்ல சாவியால கோடு போட்டாரு. கூச்சம் தாங்கல, சிரிச்சிட்டேன். நர்ஸெல்லாம் திரும்பிப் பார்த்தாங்க."

"நல்லதுடா," என்றேன். "ரொம்ப நல்லது."

வாய்தான் சொன்னது. உள்ளே முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, பொறாமை. அவனுக்குக் கூசுகிறது. அம்மன் வாசலில், தலையில் பால்குடத்தை வைத்துக்கொண்டு, ஒரு நோயாளியின் உள்ளங்காலை நினைத்துப் பொறாமைப்பட்டேன். சந்தோஷமும் வந்தது, வரவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பின்னால்தான் வந்தது. வலது கால் கட்டைவிரல் நகத்தால் இடது பாதத்தை அழுத்திக் கீறிப் பார்த்தேன், இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஏதாவது தெரிந்துவிடாதா என்று.

மனைவி பார்த்துவிட்டாள். போனை என் காதிலிருந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மேளம் தொடங்கி வரிசை நகர்ந்தது. எனக்கு முன்னால் ஒரு கல் கிடந்திருக்க வேண்டும். காதோரம் வந்து முணுமுணுப்பாள் என்று தலையைச் சாய்த்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, முன்னாலும் பின்னாலும் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"இடது காலப் பார்த்து வைங்க."